பயாப்சி முடிந்தபின் மலக்குடல் புற்றுநோய்க்கு எம்.ஆர்.ஐ. எதற்கு?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மாமாவுக்கு மலக்குடலில் புற்றுநோய், வேலூரில் பார்க்கிறோம், பயாப்சி, சி.டி. எல்லாம் எடுத்தாயிற்று, மறுபடியும் எம்.ஆர்.ஐ.யா என்று.

பயாப்சி, இது புற்றுநோய்தான் என்று சொல்லும். சி.டி., கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று காட்டும். இடுப்புக்குள் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு எம்.ஆர்.ஐ.தான் சரி.

மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு, அதைப் போர்த்தியபடி ஒரு மெல்லிய உறை. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தால் கொழுப்பு வெளுப்பாகவும், உறை பென்சிலால் இழுத்த கோடு மாதிரியும் தெரியும். சர்ஜன் அந்த உறை கிழியாமல் மலக்குடலையும் கொழுப்பையும் மொத்தமாக எடுக்கப் பார்ப்பார். இங்கிலாந்து சர்ஜன் பில் ஹீல்ட் 1982இல் விளக்கி எழுதிய முறை அது. கட்டிக்கும் கோட்டுக்கும் 1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கொஞ்சம் நிம்மதி. அதற்குள் நெருங்கிவிட்டால், நேரே ஆபரேஷன் செய்யும்போது ஓரத்தில் புற்று மிச்சம் நின்று, அதே இடத்தில் திரும்ப வரலாம். அதனால் முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துச் சுருக்கப் பார்ப்பார்கள். அப்புறம் சில வாரம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. (செலவுதான், ஆனால் முடிவே மாறலாம்.)

ஆசனவாய்ச் சுருக்குத் தசையைக் கட்டி தொட்டிருக்கிறதா என்பதும் இதில் தெரியும். மலம் போக வயிற்றில் நிரந்தரப் பை வைக்க நேருமா என்று மாமா பயப்படுகிறாரே, அதற்கான பதிலில் பாதி அங்கேதான். நிணநீர்க் கணுக்களுக்குப் புற்று பரவியிருக்கிறதா என்பதில் மட்டும் எம்.ஆர்.ஐ.யும் தடுமாறும்.

பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டியது: “உறைக்கும் கட்டிக்கும் எத்தனை மில்லிமீட்டர்?”