கறுக்காத மாதம்

கேள்வி: கணவர், மகள், மகன், நான் என்று நாலு பேர். ராமேஸ்வரம் போய் மூன்று நாள் தங்கலாம் என்றிருக்கிறோம். கோயிலும் ஆச்சு, கடலும் ஆச்சு. மகள் வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. போனஸ் வந்திருக்கிறது, செலவு முழுக்கத் தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். மகன் ஒன்பதாவது படிக்கிறான். அரையாண்டு விடுமுறையில் டிசம்பரில் போவதா, மே மாதம் போவதா? கடலும் நன்றாக இருக்கவேண்டும், வெயிலும் குறைவாக இருக்கவேண்டும். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கறுத்துவிடக்கூடாது. அவள் கடலில் இறங்கமாட்டாள். குடைக்குக் கீழே உட்கார்ந்து பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வாள். 22 தீர்த்தம் மட்டும் ஆடவைக்கலாம் என்று நினைக்கிறேன், சீக்கிரம் அமையும் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: டிசம்பரும் வேண்டாம், மே மாதமும் வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தச் செருப்பு விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம்.

ரயில் டிக்கெட் அவள் காசு. ரூம் வாடகை அவள் காசு. கடற்கரையில் தம்பி கேட்கிற சுண்டலும் பஜ்ஜியும் அவள் காசு. நாலு பேரில் கால் நனையாமல் திரும்பப்போகிறவளும் அவள்தான். இதை நீங்கள் ஒளிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. வாட்டர் பாட்டில் எடுத்துப்போவோம் என்பதைப்போலப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதும் இல்லை. ஊர்ப் பெயர் மாறும். ஒருத்தர் கன்னியாகுமரி என்பார், ஒருத்தர் கோவா என்பார். எந்த மாதம் நல்லது என்று ஆரம்பிக்கும். நாலாவது வரியில் பெண்ணும் வரனும் நிறமும் வந்துவிடும். கேள்வி கடலைப் பற்றியது என்று எழுதியவர் நம்பிக்கொண்டிருப்பார்.

எனக்குப் பதினேழு வயதில் திருச்செந்தூரில் நானும் செருப்புக்குக் காவல் இருந்திருக்கிறேன். பெரியப்பா குடும்பம், சித்தி குடும்பம் எல்லாம் சேர்த்துப் பதினொரு ஜோடி. அதில் ஒன்றுக்கு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. யாருடையது என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது.

சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். வெயில் இல்லாத மாதம் என்று ராமேஸ்வரத்தில் ஒன்று கிடையாது. சித்திரை பிறக்கிற நாட்களில் நண்பகலில் சூரியன் அங்கே நேர் உச்சியில் நிற்கும், நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை அப்படியே. மார்கழியில் தெற்கே சாயும், உண்மைதான். சாய்ந்தும்கூட மதியத்தில் பாதி வானத்துக்கு மேலேதான் இருக்கும். மெல்லிய மேகம் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, தோலைக் கறுக்கவைக்கிற கதிரைப் பெரிதாகத் தடுக்காது. குடையும் உங்களுக்கு உதவாது. மணலிலும் அலை நுரையிலும் பட்டுத் தெறிக்கிற வெயில் பக்கவாட்டில் வந்து முகத்தில் அடிக்கும். ஆக, நாள் முழுக்கக் காவல் இருந்து உங்கள் பெண் கறுக்கவும் செய்வாள், நனையவும் மாட்டாள்.

இன்னொன்று. 22 தீர்த்தம் ஆடவைக்கப் போகிறீர்களே, முறை என்னவென்று யாரையாவது கேட்டீர்களா? முதலில் அக்னி தீர்த்தம். அது கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற கடல். அதில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்துணியோடுதான் உள்ளே போய் ஒவ்வொரு கிணறாக வாளித் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். கடல் வேண்டாம், கிணறு மட்டும் போதும் என்று புண்ணியத்தில் பாதியைக் கழித்துக்கொண்டு வாங்கப் பார்க்கிறீர்கள்.

வரன் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. பெற்றவர்கள் செய்யவேண்டிய காரியம் அது. பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர்களை நான் இதே பக்கத்தில் திட்டியிருக்கிறேன். ஆனால், சம்பாதிக்கிற பெண்ணை வீட்டுச் செலவுக்குப் பெரியவளாகவும் வெயிலுக்குச் சின்னவளாகவும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்? மூன்று நாள் வெயிலில் பட்ட கறுப்பு சில வாரத்தில் தெளிந்துவிடும். அதற்குள் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்கிற வீடு, பிரசவத்துக்குப் பிறகு அவள் இளைத்தாலும் பேசும், பெருத்தாலும் பேசும். அந்த வீட்டை இப்போதே அடையாளம் காட்டிக்கொடுத்த வெயிலுக்கு நீங்கள் கும்பிடு போடவேண்டும்.

உங்கள் கடிதத்தில் பையனுக்கு எப்போது லீவு என்று தெரிகிறது. அவளுக்கு ஆபீஸில் எப்போது லீவு கிடைக்கும் என்று ஒரு வரி இல்லை. கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

இப்போது மாதம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை நீளும். தமிழ்நாட்டுக்கு வருடத்தில் கிடைக்கிற மழையில் பாதிக்குப் பக்கம் அந்த மூன்று மாதத்தில்தான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. புயலும் இந்த மாதங்களில்தான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயத்தை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அந்த ஊரைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22 இரவு. அரையாண்டு விடுமுறை தேதிதான். எல்லா டிசம்பரும் அப்படி ஆகாது என்பீர்கள். ஆகாது. ஆனால் மூன்று நாளும் ரூமில் ஜன்னலோரம் உட்கார்ந்து மழை பார்க்கும்படி ஆகலாம், அதற்குச் சேலமே போதும்.

மே மாதம் வெயில் மட்டும் பிரச்சினை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருகிற கொஞ்சம் மீன்தான். மீன் சாப்பிடுகிறவர்களானால் விலையைக் கேட்டதும் சாம்பார் சாதம் சொல்லிவிடுவீர்கள்.

அந்த ஊர்க்காரர்கள் தீவின் வடக்கே பாக் ஜலசந்திப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். ஆடிக்காற்றில் ஆண்கடல் கொந்தளிக்கும்போது பெண்கடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழுந்துவிட்டால் தலைகீழ். வருடத்தில் பெரும்பகுதி வாய் திறக்காமல் கிடந்த பெண்கடல் அப்போது படகுகளைத் தூக்கி அடிக்கும். சும்மா சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கமும் ஓய்ந்திருக்கிற காலம் தை பாதியிலிருந்து பங்குனி வரை. அதிலும் பொங்கல் கூட்டம் வடியட்டும். தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் நிற்க இடம் இருக்காது, அது கழியட்டும். அதற்கும் மகாசிவராத்திரிக்கும் நடுவில் ஏறக்குறைய நாலு வாரம் கிடைக்கும். அதில் ஒரு சனி, ஞாயிறு பாருங்கள். பையன் வெள்ளியோ திங்களோ ஒருநாள் லீவு போடட்டும். ஒன்பதாவதில் ஒருநாள் போனால் குடி முழுகாது. அடுத்த வருடம் பத்தாவது, அப்போது நீங்களே நகரவிடமாட்டீர்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் அந்த நாட்களில் பூநாரைகள் நின்றாலும் நிற்கும். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே போகிறது, பகலில் பாலம் தாண்டுகிற வண்டியாகப் பிடியுங்கள்.

குளியல் அக்னி தீர்த்தத்தில் மட்டும். விடிந்ததும் இறங்கி ஒன்பது மணிக்குள் ஏறிவிட்டால் யாருக்கும் தோல் எரியாது, உங்களுக்கும்தான். தனுஷ்கோடி தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனை, பார்க்க மட்டும்தான். இரண்டு கடலும் சேருகிற அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துவிடும், முழங்கால் தண்ணீர்தானே என்று பையனை விடாதீர்கள். பெண்ணுக்கு ஒரு பழைய சுடிதார் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துப்பட்டா ரூமிலேயே இருக்கட்டும், நனைந்தால் காலைச் சுற்றும்.

பைகளையும் ரூமிலேயே பூட்டிவிட்டு வரலாம். இல்லை, காவலுக்கு ஆள் இருந்தே ஆகவேண்டும் என்றால் உங்கள் வீட்டுக்காரர் உட்காரட்டும். அவருக்கு யாரும் வரன் பார்க்கவில்லை.