பாண்டிச்சேரியில் நல்ல ஸ்டேக் வேண்டுமா? கிளம்பும் முன் போனில் கேளுங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். அக்காவும் அத்தானும் அடுத்த மாதம் பிரான்ஸிலிருந்து வருகிறார்கள். அத்தானுக்கு ஸ்டேக், அதாவது கனமான மாட்டுக்கறித் துண்டைச் சூட்டில் வாட்டி எடுப்பது, என்றால் உயிர். பாண்டிச்சேரியில் எங்கே அழைத்துப் போகலாம்? நெட்டில் பார்த்தால் எல்லா இடத்துக்கும் நாலு ஸ்டாருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். எங்களோடு வருபவர்களில் மாட்டுக்கறி சாப்பிடாதவர்களும் உண்டு.

பதில்: ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் ஸ்டேக்கில் மசாலா கிடையாது, குழம்பு கிடையாது. கறி சரியில்லை என்றாலும், அடுப்பில் நிற்பவருக்குக் கைப்பக்குவம் இல்லை என்றாலும் மறைக்க வழியே இல்லை. ஒரு சமையல்காரர் வேலை மாறினால் அந்தக் கடையின் ஸ்டேக்கும் மாறிவிடும். அதனால் நீங்களே விசாரித்துத் தேர்ந்தெடுக்கும் வழியைச் சொல்கிறேன்.

ஸ்டேக்குக்கு என்றே நடத்தப்படும் பெரிய கடைகளைத் தேடி அலைய வேண்டாம். இங்கே நல்ல ஸ்டேக் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளையர் நகரத்திலும் (ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதி) அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பிரெஞ்சு உணவகங்களில்தான். மெனுவில் மூன்று நான்கு வகைதான் இருக்கும். அது நல்லதுதான். பீட்சா, நூடுல்ஸ், தந்தூரி, ஸ்டேக் எல்லாம் ஒரே மெனுவில் இருந்தால் நான் அங்கே ஸ்டேக் கேட்கமாட்டேன்.

முதலில் கறியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். புதுச்சேரியில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி பசுவதைக்குத் தடை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யவும் இந்தியாவில் தடைதான். ஆக, தட்டில் வருவது பெரும்பாலும் எருமைக்கறியாக இருக்கும். யாராவது ஆஸ்திரேலிய, ஜப்பானிய மாட்டுக்கறி என்று சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாட்டு ஆட்டுக்கறி வரலாம், அது வேறு கதை. எருமைக்கறி என்று நேராகச் சொல்கிற கடை மேல் எனக்கு மரியாதை கூடும்.

எருமைக்கறியில் குறை ஒன்றும் இல்லை. நிறம் கொஞ்சம் கருஞ்சிவப்பு, கொழுப்பு குறைவு. தசைக்குள் கொழுப்பு ஓடாததால் கொஞ்சம் அதிகம் வெந்தாலும் காய்ந்துபோகும். அதனால் எந்த வெட்டு, அதாவது உடலின் எந்தப் பகுதிக் கறி, என்பது மிக முக்கியம். கறிக்கடையில் அண்டர்கட் என்பார்களே, மெனுவில் ஃபிலே அல்லது டெண்டர்லாயின் என்று இருக்கும், அதையே வாங்குங்கள். முதுகெலும்புக்கு உட்புறமாக ஓடும் தசை அது. விலங்கு நடக்கும்போதும் பாரம் இழுக்கும்போதும் அதற்கு அவ்வளவு வேலை இல்லை, அதனால் மெத்தென்று இருக்கும். விலாப் பக்கத்து ரிப்-ஐ, எலும்போடு வரும் டி-போன் எல்லாம் பேரில் கம்பீரமாக இருக்கும். ஆனால் கொழுப்பு ஓடிய இளம் மாட்டில்தான் அவற்றின் ருசி. வயதான எருமையில் அவை எவ்வளவு மென்றாலும் தீராது.

அடுத்தது, கறியைக் குளிரில் வைத்து மெதுவாக்குவது. நம் வீட்டில் காலையில் வெட்டிய கறிதான் நல்ல கறி. குழம்புக்கு அது சரி. ஸ்டேக்குக்கு அப்படியில்லை. வெட்டியதும் தசை விறைத்துக்கொள்ளும். 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் சில நாள் வைத்தால், கறியில் உள்ள என்சைம்களே நாரைத் தளர்த்தும். காற்று புகாத பையில் அடைத்து ஒன்றிரண்டு வாரம் வைப்பது வழக்கம். பொறுமையில்லாத சமையலறைகள் இதற்குப் பதில் பப்பாளிக்காய் விழுதோ டெண்டரைசர் பொடியோ தடவிவிடும். அப்போது மேல்பக்கம் மாவு போலக் குழைந்து, உள்ளே நார் அப்படியே நிற்கும். முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

இப்போது போனை எடுங்கள். மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, நாலு மணி வாக்கில் கூப்பிட்டால் பேச நேரம் இருக்கும். என்ன கறி, எந்த வெட்டு, எத்தனை நாள் குளிரில் வைத்தது, எவ்வளவு கனம், சமைக்கும் முன் எத்தனை கிராம் என்று கேளுங்கள். போன் எடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தப்பில்லை. "இருங்க சார், செஃப்பைக் கேட்டுச் சொல்றேன்" என்றால் நல்ல அடையாளம். "எல்லாம் ஃப்ரெஷ்தான் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த கடைக்குப் போங்கள். கனம் ஒன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும். மெல்லிய துண்டு, மேல்பக்கம் சிவப்பதற்குள் நடுவிலும் வெந்துவிடும்.

நெட்டில் ஸ்டார் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் கட்டடத்துக்கும் முற்றத்து விளக்குக்கும் விழுந்த ஓட்டு. விமர்சனங்களுக்குள் 'மீடியம் ரேர்' (நடுவில் இளஞ்சிவப்பாக விடும் வேக்காடு) என்று தேடுங்கள். வாடிக்கையாளர்கள் போட்ட படங்களில் வெட்டிய ஸ்டேக்கின் நடுப்பக்கத்தைப் பாருங்கள். மேலே நல்ல பழுப்பு, உள்ளே ஓரம் முதல் ஓரம் வரை ஒரே இளஞ்சிவப்பு இருந்தால் கைதேர்ந்தவர். வெளியே வெளுத்து, உள்ளே சாம்பல் நிறமாக இருந்தால் கல் சூடாகவில்லை. விமர்சனத்தின் தேதியையும் கவனியுங்கள், கடந்த ஆறு மாதத்துக்குள் எழுதியதுதான் உதவும்.

வேக்காடு பற்றி. மீடியம் ரேர் என்றால் நடுவில் சுமார் 54 முதல் 57 டிகிரி, மீடியம் என்றால் 60 முதல் 63. அண்டர்கட்டுக்கு மீடியம் ரேர்தான் என் சிபாரிசு. பிரெஞ்சில் 'ஆ புவான்' என்றால் ஏறக்குறைய இந்த வேக்காடுதான், ஆனால் அத்தான் அப்படிக் கேட்டால் நம் ஊரில் மீடியம் என்று புரிந்துகொண்டு அதிகம் வேகவிடுவார்கள். 'மீடியம் ரேர்' என்றே சொல்லச் சொல்லுங்கள். தட்டில் சிவப்பாக நீர் கசிந்தால் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அது ரத்தம் இல்லை. தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நன்றாக வெந்ததையே கொடுங்கள். ஊசியாலோ கத்தியாலோ குத்தி மெதுவாக்கிய கறியையும், கொத்துக்கறியில் செய்ததையும் யாருமே அரைவேக்காட்டில் சாப்பிட வேண்டாம். மேல்பக்கத்துக் கிருமி உள்ளே போயிருக்கும்.

மிளகு சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். சாஸில் மூழ்கி வந்தால் கறியின் தரம் தெரியாது. ஆர்டர் எடுப்பவர் வேக்காடு கேட்காமலே போனால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தவறாக வந்தால் முதல் துண்டிலேயே திருப்பி அனுப்புங்கள். பாதி தின்றுவிட்டுச் சொல்வது நியாயமில்லை.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்காக, கிரில்லும் தவாவும் தனியா என்று புக்கிங் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பல கடைகளில் ஒரே கிரில்தான். அவர்களுக்கு வஞ்சிரம் அல்லது சூரை மீன் ஸ்டேக் பிரமாதமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் பெரிய மீன் வரத்து குறையும். அந்த நாட்களில் போனால் ஐஸ் மீனா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறு போகாதீர்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கூட்டத்தில் சமையலறை திணறும், ஏழெட்டுத் தட்டு ஸ்டேக்கை ஒரே நேரத்தில் சரியாக இறக்குவது அப்போது கஷ்டம். செவ்வாய் அல்லது புதன் இரவு ஏழரைக்கு மேசை சொல்லிவையுங்கள். முடிந்தால் அக்கா வருவதற்கு முன் நீங்கள் இரண்டு பேர் போய் ஒரே ஒரு ஃபிலே வாங்கிப் பகிர்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தானே.