கல்ஃப்ல இங்கிலீஷ் டீச்சர் வேலை: எப்பம் தேடத் தொடங்கணும்?

தக்கலை பக்கத்துல இருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கா. எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடிச்சாச்சு, மூணு வருஷமா ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல ஆறுல இருந்து எட்டாம் கிளாஸ் வரைக்கும் இங்கிலீஷ் எடுக்கா. அண்ணன் ஷார்ஜால இருக்கான், "வேலையை விட்டுட்டு விசிட் விசால வா, நேர்ல ஏறி இறங்கினா ஏதாவது ஒரு ஸ்கூல்ல கிடைக்கும்"னு சொல்லுதான். ஜூன் கடைசில இந்தக் கேள்வி வந்திருக்கு, ஜூலைல போகட்டா, இல்ல இந்த வருஷம் முடியட்டுமான்னு.

மக்ளே, இப்பம் வேலையை விடாத. ஜூலை ஆகஸ்ட்ல டீச்சர் வேலை தேடி துபாய் ஷார்ஜா போறதுங்கிறது, ஸ்கூல் பூட்டின பிறகு கேட்ல போய் நிக்கிறது மாதிரி. அங்க அப்பம் கோடை லீவு, பிரின்சிபால்ல இருந்து ஆயா வரைக்கும் ஊருக்குப் போயிருப்பாங்க, வாட்ச்மேன்கிட்ட சி.வி.யைக் குடுத்துட்டு வெயில்ல திரும்பி நடக்கணும். இதை நான் சும்மா சொல்லல, 2009-ல மே மாசம் ஸ்கூல்ல எழுதிக் குடுத்துட்டு ஜூன்ல விசிட் விசா எடுத்துப் போனவதான் நான், ஒரு ஏஜென்ட் "இதுதான் சீசன்"னு சொல்லி பணத்தை வாங்கிட்டான், ரெண்டு மாசம் சொந்தக்காரங்க வீட்டு ஹால்ல படுத்துக் கிடந்து ஒரு இன்டர்வியூ கூட இல்லாம வந்தேன், இங்க வந்தா பழைய வேலையும் இல்ல. அடுத்த வருஷம் ஊர்ல இருந்துகிட்டே நவம்பர்ல அப்ளை பண்ணி ஏப்ரல்ல மஸ்கட்ல ஒரு இந்தியன் ஸ்கூல்ல சேர்ந்தேன், 12 வருஷம் அங்கதான். மாறினது நான் இல்ல, அப்ளை பண்ணின மாசம்தான்.

அது ஏன்னு சொல்லுறேன். கல்ஃப்ல ரெண்டு விதமான ஸ்கூல் இருக்கு, ரெண்டுக்கும் வேற வேற காலண்டர். சி.பி.எஸ்.இ. சிலபஸ் நடத்துற இந்தியன் ஸ்கூலுக்கு கல்வி ஆண்டு ஏப்ரல்ல தொடங்கும், பிரிட்டிஷ், அமெரிக்கன் சிலபஸ் ஸ்கூலுக்கு ஆகஸ்ட் கடைசி. இந்தியன் ஸ்கூல்ல நவம்பர் டிசம்பர் வாக்குல, இருக்குற டீச்சர்மார்கிட்ட அடுத்த வருஷம் தொடருவீங்களான்னு எழுதி வாங்குவாங்க, அதுல யாரெல்லாம் போறாங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் எத்தனை இடம் காலின்னு அவங்களுக்கே கணக்கு வரும். அதுக்குப் பிறகு விளம்பரம், ஆன்லைன்ல இன்டர்வியூ, டெமோ கிளாஸ், ஜனவரி பிப்ரவரில ஆஃபர், மார்ச்ல விசா. பிரிட்டிஷ் ஸ்கூல்னா இதே சங்கதி ஜனவரில தொடங்கி ஏப்ரல் வரைக்கும் ஓடும். ரெண்டையும் சேர்த்துப் பாத்தா ஜூலைங்கிறது ரெண்டு சீசனுக்கும் நடுவுல விழுந்த ஓட்டை.

நம்ம ஊர்க் கணக்குல சொன்னா மறக்காது. நவம்பர் கடைசில கோட்டாறு சவேரியார் கோயில்ல கொடி ஏறும்போது உன் சி.வி. போய்க்கிட்டு இருக்கணும். சுசீந்திரம் மார்கழித் தேர் ஓடும்போது டெமோ கிளாஸுக்கு ரெடியா இருக்கணும். மண்டைக்காடு மாசிக் கொடைக்குள்ள ஆஃபர் லெட்டர் கையில இருந்தா ஏப்ரல்ல கிளாஸ்ல நிக்கலாம். ஆனா ஒண்ணு, நோன்பு மாசம் வருஷா வருஷம் பத்து பதினொரு நாள் முன்னால வந்துகிட்டே இருக்கு, 2027-ல பிப்ரவரி 8-ஐ ஒட்டித் தொடங்கி மார்ச் 10-ஐ ஒட்டிப் பெருநாள் வரும். அந்த மாசம் அங்க ஆபீஸ் நேரம் குறைச்சல், விசா பேப்பர் ஆமை மாதிரி நகரும், அதனால வர்ற சீசன்ல ஜனவரிக்குள்ளயே இன்டர்வியூ முடியுற மாதிரி பாத்துக்க.

சரி, நவம்பர்தானே, இன்னும் நாலு மாசம் கிடக்கேன்னு இருந்துராத. பெரும்பாலான பிள்ளைங்க மாட்டிக்கிறது பேப்பர்லதான், நல்ல டெமோ குடுத்து செலக்ட் ஆகி, ஒரு சர்டிஃபிகேட் வர ஆறு வாரம் ஆகி இடம் வேற ஆளுக்குப் போனதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

முதல்ல டிகிரி சர்டிஃபிகேட். கையில புரொவிஷனல் மட்டும் இருந்தா அது போதாது, கான்வகேஷன் சர்டிஃபிகேட்டைத்தான் அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது உண்மையான சர்டிஃபிகேட்தான்னு அரசு முத்திரை வாங்குறதுக்கு, கேப்பாங்க. நம்ம மாவட்டத்துக் காலேஜ் அனேகமும் மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டி, அதுக்கு அபிஷேகப்பட்டி போகணும், பி.எட்.டுக்கு சென்னைல உள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், ஆக ரெண்டு இடத்துல ரெண்டு வேலை. வாங்கலைன்னா இந்த மாசமே அப்ளை பண்ணு.

அடுத்தது பேரு. நம்ம ஊர்ல இது பெரிய தலைவலி, சர்டிஃபிகேட்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா விரிஞ்சிருக்கும், பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட்ல ஞானஸ்நானப் பேருக்கு ஒரு ஸ்பெல்லிங், டிகிரில இன்னொரு ஸ்பெல்லிங். இங்க யாரும் கேக்க மாட்டாங்க, அங்க ஒரு எழுத்து மாறினாலும் ஃபைலைத் திருப்பி அனுப்புவாங்க. எல்லா சர்டிஃபிகேட்டையும் பாஸ்போர்ட்டையும் பாயில பரத்தி வச்சு ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாரு. சின்ன வித்தியாசம்னா ரெண்டும் ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட்ல தீரலாம், பெருசுன்னா திருத்தணும், திருத்தத்துக்கு மாசக்கணக்காகும். அப்படியே பாஸ்போர்ட் எப்பம் முடியுதுன்னும் பாரு, ரெண்டு வருஷத்துக்குக் குறைவா இருந்தா இப்பமே புதுப்பிச்சிரு.

பிறகு அட்டெஸ்டேஷன். மாநில அரசுல ஒண்ணு, வெளியுறவு அமைச்சகத்துல ஒண்ணு, அதுக்கு மேல நாட்டைப் பொறுத்து மாறும். ஓமான், பஹ்ரைன், 2022 டிசம்பர்ல இருந்து சவுதி, இந்த நாட்டுக்கெல்லாம் நம்ம வெளியுறவு அமைச்சகம் குடுக்குற அப்போஸ்டில்ங்கிற முத்திரையே போதும், எம்பசிக்குப் போக வேண்டாம். யு.ஏ.இ., கத்தார், குவைத்துன்னா அந்த நாட்டு எம்பசி முத்திரையும் வேணும், யு.ஏ.இ.ல இறங்கின பிறகு அங்க உள்ள வெளியுறவு அமைச்சக முத்திரை வேற. அப்போஸ்டிலுக்கு அரசு வாங்குறது ஒரு பேப்பருக்கு 50 ரூபாதான், மிச்சம் எல்லாம் இடையில செய்து தர்ற ஆளுக்கான கூலி, அதைத் தெரிஞ்சுகிட்டு விலை பேசு. எந்த நாடுன்னு முடிவாகாட்டா மாநில அட்டெஸ்டேஷன் வரைக்கும் முடிச்சு வை, அது எல்லாத்துக்கும் ஆகும்.

போலீஸ் கிளியரன்ஸை மட்டும் இப்பம் எடுக்காத. அதை ஆறு மாசத்துக்கு மேல பழசுன்னா ஏத்துக்க மாட்டாங்க, இப்பம் எடுத்து வச்சா சரியா தேவைப்படுற நேரத்துல பாழாயிரும். ஆஃபர் வர்ற மாதிரி இருந்தா பாஸ்போர்ட் சேவா வழியா போட்டுக்கலாம்.

உங்க ஸ்கூல்ல ஒரிஜினலை வாங்கி வச்சிருக்காங்களா? அப்படி வச்சிருந்தா அதை மீட்டெடுக்கதான் உன் முதல் வேலை. யுனிவர்சிட்டி வெரிஃபிகேஷனுக்கு வேணும்னு உள்ளதைச் சொல்லி எழுதிக் கேளு, ஜெராக்ஸ் குடு, ரசீது வாங்கு. மார்ச்ல ராஜினாமா பண்ணும்போது கேட்டா பரீட்சை பேப்பர் திருத்தல் முடியட்டும், புது டீச்சர் வரட்டும்னு இழுப்பாங்க.

மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் உனக்கு நல்ல பலம், நிறைய ஸ்கூல் பி.எட்.டுக்குப் பிறகு ரெண்டு வருஷம்னுதான் கேக்கும், பி.எட்.டுக்கு முந்தி எடுத்ததைக் கணக்குல சேக்க மாட்டாங்க. சர்டிஃபிகேட்ல எந்தத் தேதில இருந்து, எந்த கிளாஸ், என்ன பாடம், முழு நேரமான்னு தெளிவா இருக்கணும். மெட்ரிக் ஸ்கூல்ங்கிறதால சி.பி.எஸ்.இ. பரிச்சயம் இருக்கான்னு இன்டர்வியூல கட்டாயம் கேப்பாங்க, அதனால இந்த நாலு மாசத்துல சி.பி.எஸ்.இ. ஆறு ஏழு எட்டு இங்கிலீஷ் புக்கை டவுன்லோட் பண்ணி வாசிச்சு ரெண்டு பாடம் டெமோவுக்கு உருப்படியா தயார் பண்ணு. ஒம்பது பத்து வகுப்புக்கு ஆசைப்படாத, எடுத்த கிளாஸுக்கே போடு. எம்.ஏ. தபால்ல படிச்சதுன்னா அதை மறைக்காம முதல்லயே சொல்லு, சில நாட்டுல அதை ஏத்துக்க மாட்டாங்க, விசா நேரத்துல தெரிஞ்சா எல்லாம் வீண்.

விசிட் விசால போகவே கூடாதுன்னு சொல்லல. போறதா இருந்தா ஜனவரில, கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்த வாரம், அதுவும் ரெண்டு மூணு இன்டர்வியூ தேதி கையில இருந்தா மட்டும் போ. விசிட்ல நின்னுகிட்டு வேலை பாக்கறது அந்த நாட்டுச் சட்டத்துல குத்தம், "முதல்ல சேந்துருங்க, விசா பிறகு போடுதோம்"னு எந்த ஸ்கூல் சொன்னாலும் சேராத. நாள் தாண்டினா யு.ஏ.இ.ல ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். இன்னொண்ணையும் தெரிஞ்சுக்க, அங்க புருஷன் விசாலயோ அப்பா விசாலயோ இருக்குற டீச்சர்னா ஸ்கூலுக்கு விசா செலவு மிச்சம், அதனால அவங்களை முதல்ல எடுக்கிற பழக்கம் இருக்கு, அண்ணன் கண்ட டீச்சர்மார் அனேகமா அப்படிச் சேந்தவங்களா இருப்பாங்க, அதை வச்சு அவன் ஈஸின்னு நினைக்கான்.

ஏஜென்ட் வேணும்னா வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல ரிஜிஸ்டர் ஆன ஆளான்னு பாரு. சட்டப்படி அவங்க வாங்கக் கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபா, ஜி.எஸ்.டி. சேத்தா 35,400. லட்சத்துல பேசினா எழுந்து வந்துரு. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னைல இருக்கு, அவங்க அறிவிப்பையும் பாத்துகிட்டே இரு.

கல்ஃப் இல்லாம வேற நாட்டைப் பத்தியும் நீ கேட்டிருந்த. கொரியா, சீனால இங்கிலீஷ் டீச்சர் விசா பெரும்பாலும் இங்கிலீஷைத் தாய்மொழியா கொண்ட நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான், அதுல நேரம் கழிக்காத. தாய்லாந்துல ஸ்கூல் மே மாசம் தொடங்கும், ரெண்டாம் பருவம் நவம்பர், நம்ம ஆளுங்களை எடுக்காங்க, ஆனா இங்கிலீஷ் டெஸ்ட் ஸ்கோர் கேப்பாங்க. மாலத்தீவு நமக்குப் பக்கம், திருவனந்தபுரத்துல இருந்து பிளைட் ஏறினா ரெண்டு மணி நேரம் கூட ஆகாது, நம்ம ஊர் டீச்சர்மார் எத்தனையோ பேர் தீவுகள்ல இருந்துட்டு வந்தவங்கதான். கோவிட்டுக்குப் பிறகு அங்க கல்வி ஆண்டு மாறிச்சு, அதனால பழைய ஆளுங்க சொல்லுற மாசத்தை நம்பாம அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாரு.

அண்ணன்கிட்ட ஒரு வேலை சொல்லு. ஆகஸ்ட் கடைசில ஸ்கூல் திறக்கும்போது லீவுக்குப் போன டீச்சர்மார் ஒண்ணு ரெண்டு பேர் திரும்பி வராம இருப்பாங்க, அந்த வாரம் திடீர்னு இடம் காலியாகும், அவனை நாலஞ்சு இந்தியன் ஸ்கூல்ல எச்.ஆர். மெயில் ஐடியை மட்டும் வாங்கி அனுப்பச் சொல்லு. நீ இங்க தக்கலைல இருந்துகிட்டு, கிளாஸ் எடுத்துகிட்டு, சம்பளம் வாங்கிகிட்டே அந்த மெயிலுக்கு சி.வி. அனுப்பு. வந்தா நல்லது, வரலைன்னா நவம்பர்ல அதே ஐடிக்கு மறுபடியும் அனுப்பு.