மாத்திரை போட்டும் நெஞ்செரிச்சல் அடங்கவில்லையா?

இரண்டு மாதமாக பான்டோப்ரசோல் போடுகிறேன். எரிச்சல் குறையவே இல்லை. வேறு மாத்திரைக்கு மாறலாமா?

மாறுவதற்கு முன் ஒன்று பாருங்கள்: எப்போது போடுகிறீர்கள்? சாப்பிட்ட பிறகோ, படுக்கப் போகும்போதோ போடுபவர்கள் பலர். இரைப்பையில் அமிலத்தைச் சுரப்பது நுண்ணிய பம்புகள். அவை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இந்த மருந்தால் அவற்றை அடைக்க முடியும். அவற்றை ஓட வைப்பது சாப்பாடு. மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரமே இருக்கும். அதனால்தான் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் வயிற்றில் போடச் சொல்கிறோம். எரிகிற அன்று மட்டும் ஒன்று போட்டால் போதாது. முழுப் பலன் தெரியச் சில நாள் விடாமல் போட வேண்டும். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் மருந்தை அமிலமே அழித்துவிடும்.

நேரம் தவறாமல் இரண்டு வேளை போட்டும் எரிகிறதே?

அப்படியென்றால் எரிய வைப்பது அமிலம்தானா என்று சந்தேகப்பட வேண்டும். இந்த மருந்து அமிலத்தைத்தான் குறைக்கும், மேலே ஏறி வருவதைத் தடுக்காது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள வால்வு தளர்ந்திருந்தால் அமிலம் குறைந்த திரவமும் பித்தமும் ஏறி வரலாம். சிலருக்கு எதுவுமே ஏறாது. உணவுக்குழாயின் நரம்புகள் சாதாரண உணர்வையே எரிச்சலாகக் காட்டும். அது கற்பனை இல்லை, வலி நிஜம். ஆனால் அதற்கான சிகிச்சை வேறு. ஒவ்வாமை போன்ற அழற்சியாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோபியும், தேவைப்பட்டால் 24 மணி நேர அமில அளவீடும் செய்துபார்க்காமல் மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவதை நான் ஏற்க மாட்டேன்.

நண்பருக்குக் கேட்கும் மருந்து எனக்கு ஏன் கேட்கவில்லை?

கல்லீரலில் இந்த வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேகமாக வேலை செய்யும். இதே வகையைச் சேர்ந்த ஒமிப்ரசோல் அவர்களுக்குச் சீக்கிரம் சிதைந்துபோகும். அதே வகையிலுள்ள ரேபிப்ரசோல் அந்த நொதியை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. மருத்துவரிடம் கேளுங்கள்.

நிறுத்தினால் முன்பைவிட அதிகம் எரிகிறது.

நீண்ட நாள் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் கொஞ்ச காலம் கூடுதலாகச் சுரக்கும். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்?

விழுங்கும்போது அடைத்தால், எடை தானாகக் குறைந்தால், மலம் கறுத்தால், வாந்தியில் இரத்தம் வந்தால் தாமதிக்க வேண்டாம். வியர்வையோடு நெஞ்சு அழுத்தி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது இதயமாக இருக்கலாம். மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.