ஆலியா பட்டின் தொடக்க காலத்தில் அவரை நடிகையாக நிலைநிறுத்திய படம் எது?

என் கணிப்பில் அது 2014-இல் வந்த 'ஹைவே'. இயக்குநர் மகேஷ் பட், நடிகை சோனி ராஸ்தான் ஆகியோரின் மகளான ஆலியா, 1999-இல் 'சங்கர்ஷ்' படத்தில் சிறுவயது பிரீத்தி ஜிந்தாவாகத் தலைகாட்டியவர். கரண் ஜோஹரின் 'ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்' (2012) அவரைக் கதாநாயகி ஆக்கியது என்றாலும், அழகாக உடுத்தி வருவதைத் தாண்டி அதில் அவருக்குப் பெரிய வேலை இருக்கவில்லை.

இம்தியாஸ் அலி இயக்கிய 'ஹைவே'யில், கடத்தப்பட்ட செல்வந்தர் வீட்டுப் பெண்ணான வீரா, தன் வீட்டில் கிடைக்காத விடுதலையைக் கடத்தியவனுடன் செல்லும் சாலையில் உணர்கிறாள். சிறுவயதில் உறவினர் ஒருவர் வெளிநாட்டுச் சாக்லேட்டுகள் கொடுத்துத் தன்னைச் சீரழித்ததை கடத்தியவனாக வரும் ரந்தீப் ஹூடாவின் பாத்திரத்திடம் அவள் சொல்லும் காட்சியில், ஆலியா முதலில் சாதாரணமாகப் பேசத் தொடங்கி, பிறகு குரல் உடைந்து, அடக்க முடியாமல் கதறும் விதம் இன்றும் என்னை உலுக்குகிறது. விமர்சகர்கள் தேர்ந்தெடுக்கும் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்பேர் விருது அதற்குக் கிடைத்தது மிகவும் பொருத்தம். ஏ. ஆர். ரகுமான் இசையில் அதே படத்தில் ஒரு பாடலும் பாடியிருக்கிறார்.

அதே ஆண்டு '2 ஸ்டேட்ஸ்' படத்தில், ரேவதியின் மகளாக, அனன்யா சுவாமிநாதன் என்ற தமிழ்ப் பெண்ணாக நடித்தார். 2015-இல் 'ஷாந்தார்' தோல்வியுற்றாலும், 2016-இல் 'உட்தா பஞ்சாப்' படத்தின் பீகார் கூலிப்பெண் வேடம் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்பேர் விருதைப் பெற்றுத் தந்தது. முதல் வாய்ப்புக்குக் குடும்பப் பின்னணி உதவியது உண்மையே. ஆனால் இந்த வேடங்களைத் தாங்கி நின்றது அவருடைய உழைப்புதான்.