இரண்டு மாதத்துக்கு 5,000 ரூபாய் கரண்ட் பில் வருகிறது. மாடியில் சோலார் போட்டால் லாபமா?

இந்த பில்லுக்கு லாபம்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் லாபம் என்று சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால், இலவசத்துக்கு அடுத்த கீழ்ப்படியில் இருந்த விலைச் சலுகை போகும். 501ஆவது யூனிட்டிலிருந்து விலை 8 ரூபாய்க்கு மேல். சோலார் முதலில் குறைப்பது இந்த விலை கூடிய மேல்படி யூனிட்டுகளைத்தான். 5,000 ரூபாய் பில் என்றால் நீங்கள் 800 யூனிட் பக்கம் இருக்கிறீர்கள். 300 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்குப் பில்லே 700 ரூபாய் சுமார்தான். அவர்கள் 1 கிலோவாட் போட்டாலும் போட்ட பணத்தை எடுக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

1 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12, இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நன்றாக இறங்கும், மாசி, பங்குனியில் ஏறும். 540 வாட் பேனல் ஆறு, நிழலில்லாத 300 சதுர அடி மாடி போதும். செலவு 2 லட்சம் ரூபாயை ஒட்டி வரும். மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் அவ்வளவுதான். பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்ட டி.சி.ஆர். (உள்நாட்டுத் தயாரிப்பு) பேனலுக்குத்தான் இது கிடைக்கும் என்பதால் கொட்டேஷனில் அந்த வார்த்தை இருக்கிறதா பாருங்கள். கணக்குப்படி நான்கைந்து வருஷத்தில் போட்ட காசு திரும்பும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேட்டரி இல்லாமல் நேரே மின்வாரிய லைனோடு இணையும் ஆன்கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், கொளுத்தும் வெயிலிலும்கூட. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டிலிருந்து ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பவர்கட்டுக்காகத்தான் சோலார் என்றால் லைனோடு பேட்டரியையும் சேர்த்து இயக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அப்போது மேலே சொன்ன நான்கைந்து வருஷக் கணக்கை மறந்துவிடுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பேனல் அல்ல, பொருத்தும் வேலை. தெற்கு பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வு. தண்ணீர்த் தொட்டி நிழலும் தென்னை மட்டை நிழலும் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை எங்கே விழுகிறது என்று டிசம்பரை மனதில் வைத்துப் பாருங்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும். பேனல்கள் வரிசையாகக் கோக்கப்படுவதால் ஒன்றின் மூலையில் விழும் நிழல் மொத்த உற்பத்தியையும் கீழே இழுக்கும். தரையோடு ஒட்டிப் போட்டால் காற்றோட்டமில்லாமல் சூடேறி உற்பத்தி குறையும். தட்டோடு மாடியில் துளை போட்டு போல்ட் இறக்கினால் அடுத்த மழைக்குக் கூரை ஒழுகும். கான்கிரீட் பீடம் கட்டி, அதில் கால்களை நிறுத்தச் சொல்லுங்கள். கடலோர ஊராக இருந்தால் ஹாட் டிப் கால்வனைஸ் செய்த, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஸ்டாண்டு கட்டாயம்; வெல்டிங் அடித்து மேலே சில்வர் பெயின்ட் பூசியது துருவேறும்.

கேபிள் முனையில் வரும் எம்.சி.4 கனெக்டரில் ஆண், பெண் இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். வேறு வேறு கம்பெனி என்றால், பார்க்கப் பொருந்தினாலும் உள்ளே தொடர்பு தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகிக் கருகும். மாடியில் தீப்பிடிக்க இது ஒரு முக்கியக் காரணம். டி.சி., ஏ.சி., இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி கேளுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. தூசும் காக்கை எச்சமும் போகக் கழுவினால் போதும், ஆனால் வெயில் ஏறும் முன்னே. உச்சி வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். உப்பு போர்த் தண்ணீரானால் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெள்ளைப் படலம் படிந்துவிடும். பேனலுக்கு 25 வருஷ உற்பத்தி வாரன்டி தருகிறார்கள்; இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் உழைக்காது, இடையில் ஒருமுறை மாற்றும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.