ஷெட்டுக்குப் போகும் கேபிள்: பாதுகாப்பு எந்த முனையில்?

வாசகர் கேட்டது: வீட்டு மெயின் போர்டிலிருந்து 40 மீட்டர் தள்ளியிருக்கும் ஷெட்டுக்கு 6 சதுர மி.மீ. ஆர்மர்டு கேபிளை (மேலே இரும்புக் கம்பிக் கவசம், அதாவது ஆர்மர், உள்ளது) மண்ணுக்கடியில் கொண்டுபோகிறேன். ஷெட்டில் லைட், ரம்பம், சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருக்கும். வீட்டு போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டால் போதும் என்கிறார் ஒருவர். 32 ஆம்பியர் எம்சிபியே போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரண்டுமே பாதி சரி. எம்சிபி காப்பது கேபிளை. அளவுக்கு மீறி கரண்ட் போனாலோ ஷார்ட் ஆனாலோ அது விழும், அதாவது கரண்ட்டைத் துண்டிக்கும். ஆள் மேல் ஷாக் அடிப்பது அதற்குத் தெரியாது. ஆர்சிசிபி பார்ப்பதோ, போன கரண்ட் முழுதும் திரும்பி வந்ததா என்பதை மட்டுமே. ஓவர்லோடு பற்றி அதற்குக் கவலையில்லை. அதனால் இரண்டும் வேண்டும்.

என் யோசனை: வீட்டு முனையில் எம்சிபி, ஷெட்டுக்குள் சின்ன போர்டு வைத்து அதில் 30 மில்லிஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு. வீட்டில் ஏற்கெனவே ஆர்சிசிபி இருந்தால், ஷெட் லைனை அதற்கு முன்னாலிருந்து எடுங்கள். வீட்டில் ஒரு 30, ஷெட்டில் ஒரு 30 என்று வரிசையாக வைத்தால், கசிவு வரும்போது எது விழும் என்று சொல்ல முடியாது. மழை இரவில் 40 மீட்டர் நடந்து வீட்டு போர்டைத் தேடவேண்டி வரும். ஷெட்டிலும் லைட்டுக்கும் பிளக்குக்கும் தனித்தனி ஆர்சிபிஓ (எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) போடுங்கள். இல்லாவிட்டால் ரம்பத்தில் கசிவு வந்தவுடன் லைட்டும் அணைந்துவிடும். பிளேடு நிற்கச் சில விநாடி ஆகும், அந்த நேரம் நீங்கள் இருட்டில் அதன் பக்கத்தில் நிற்பீர்கள். வெல்டிங் மெஷினில் எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் சாதாரண ஏசி கசிவை மட்டும் பார்க்கும் ஏசி டைப் ஆர்சிபிஓ வேண்டாம், எலக்ட்ரானிக்ஸிலிருந்து வரும் துடிப்பான டிசி கசிவையும் பார்க்கும் ஏ டைப் வாங்குங்கள்.

வீட்டு முனையில் எம்சிபி மட்டும் போதுமா என்பதை எர்த்தை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். மின் சப்ளையோடு நல்ல எர்த் கண்டக்டர் வருகிறதென்றால் போதும். 32 ஆம்பியர் பி டைப் எம்சிபி உடனே விழ 160 ஆம்பியர் வரை பாயவேண்டும். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால், ஷெட் முனையில் எர்த் லூப் (பேஸில் போய் எர்த் வழியாகத் திரும்பும் முழுப் பாதையின் மின்தடை) 1.4 ஓமுக்குள் இருக்கவேண்டும். உங்கள் கேபிளில் போக வர 80 மீட்டர் செம்பு சேர்ப்பது சுமார் கால் ஓம்தான். வெல்டிங் மெஷினை ஆன் செய்யும்போதெல்லாம் விழுகிறது என்று சி டைப்புக்கு மாற்றினால் 320 ஆம்பியர் வேண்டும், லூப் 0.7 ஓமுக்குள் வரவேண்டும். அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள்.

வீட்டுக்கு மண்ணில் அடித்த எர்த் ராடு மட்டும்தான் என்றால் கதையே வேறு. ராடு 100 ஓம் என்று வையுங்கள். யாரோ மண்வெட்டியால் கேபிளைக் குத்தி, பேஸ் ஆர்மரைத் தொட்டுவிடுகிறது. பாய்வது 2.3 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி அசையாது. ஆர்மரும், அதோடு சேர்ந்த எர்த்தில் இருக்கும் மெஷின் பாடியும் கரண்ட் ஏறியபடியே இருக்கும். ஷெட்டில் இருக்கும் ஆர்சிபிஓவுக்கு முன்னாலேயே கசிவு நடப்பதால், அது விழுந்தாலும் பயனில்லை. அப்போது கேபிள் தொடங்கும் இடத்திலேயே எம்சிபியோடு 100 மில்லிஆம்பியர் எஸ் டைப் ஆர்சிசிபி கட்டாயம். எஸ் டைப் கொஞ்சம் தாமதித்து விழும். அதனால் ஷெட்டுக்குள் வரும் கசிவுக்கு 30 முதலில் விழுந்துவிடும். ராடு 200 ஓமுக்கு மேல் காட்டினால் இன்னொரு ராடு அடியுங்கள், மண் காய்ந்தால் அது இன்னும் ஏறும்.

இரண்டு விஷயம் விட்டுப்போகக் கூடாது. வீட்டு முனையில் ஆர்மர் கம்பிகள், கேபிளைப் போர்டில் பிடித்துக்கொள்ளும் கிளாண்டின் கூம்பில் சுற்றிலும் சமமாக உட்கார்ந்து, கிளாண்டில் மாட்டும் உலோக வளையமான எர்த் டேக் வழியாக எர்த் பாரில் சேரவேண்டும். ஷெட் போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் எங்கேயும் இணைக்கக் கூடாது, இணைத்தால் முன்னால் இருக்கும் ஆர்சிசிபி காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் அந்த டெஸ்ட் பட்டன். அழுத்தினால் விழுவது உள்ளே மெக்கானிசம் வேலை செய்கிறது என்று மட்டும் காட்டும். எர்த் அறுந்திருந்தாலும் அப்படியேதான் விழும். எர்த் லூப்பையும் விழும் நேரத்தையும் மீட்டர் வைத்து அளந்து, அந்த எண்களை எழுதித் தரச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.